கொல்லைப்புறத்தில் தொடங்கிய காடு

(மா. கிருஷ்ணனைப் பற்றி ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பறவைக்கும் விலங்குக்கும் தன் ஆயுளைக் கொடுத்த யாராவது ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். யாரைப் பற்றிப் பேசுவது என்று நான் யோசிக்கவே இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவள் நான். செடியைப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பலர். பறவையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர்தான். அவரை நான் நேரில் கண்டதில்லை.

என் பள்ளி நாட்களில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் வரிசையாக இருந்தன. வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை. கோடை விடுமுறையில் அங்கேயே உட்கார்ந்து பறவைகளைப் பற்றிய பக்கங்களைத் தேடித்தேடிப் படிப்பேன். படித்ததை மாலையில் எங்கள் கிணற்றடியில் சரிபார்ப்பேன். செம்போத்து பறப்பதைவிட நடப்பதில்தான் கெட்டிக்காரப் பறவை என்பதும், வால்காக்கைக்கு ஒரு கரகரத்த குரலும் ஓர் இனிய குரலும் உண்டு என்பதும் அப்படித்தான் எனக்குப் பிடிபட்டன. அந்தக் கலைக்களஞ்சியத்துக்குப் பறவைக் கட்டுரைகள் பலவற்றை எழுதிக் கொடுத்தவர் மா. கிருஷ்ணன் என்பது, நான் வேலைக்கு வந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. பெயரே தெரியாமல் ஒருவரிடம் பாடம் கேட்டிருக்கிறேன்.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. மாதவையா அரசு உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டி, அச்சகம் வைத்து, 'பஞ்சாமிர்தம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அன்றைய மயிலாப்பூரை இன்றைய பேருந்து நிறுத்தங்களையும் மேம்பாலங்களையும் வைத்துக் கற்பனை செய்ய முடியாது. வீடுகளுக்கு நடுவே புதர்க்காடு கிடந்த காலம். நரி ஊளையிடும், வெளிமானையும் பார்க்கலாம். சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். பின்னாளில் அவர் எழுதிய காடுகள் அத்தனைக்கும் இந்தக் கொல்லைப்புறம்தான் வாசல்.

1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பேசி முடித்து உட்கார்ந்த மாதவையா அங்கேயே உயிர் நீத்தார். மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. தகப்பனைப் பறித்துக்கொண்ட மொழி என்று அந்தப் பிள்ளை தமிழின்மேல் கசப்பு கொண்டிருந்தால்கூட நாம் குறை சொல்லியிருக்க மாட்டோம். அவர் சங்க இலக்கியத்தை ஆழ்ந்து படித்தார். பழம்பாடல்களில் வரும் விலங்குகளையும் பறவைகளையும், காட்டில் தன் கண்ணால் கண்டவற்றோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது.

மாநிலக் கல்லூரியில் அவர் தாவரவியல் படித்தார். துறைப் பேராசிரியர் பி. எஃப். பைசன், நீலகிரி, பழனி மலைகளின் உச்சித் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதியவர். மாணவன் கிருஷ்ணன் அவரோடு மலைப் பயணங்களுக்குப் போனார். நீர்வண்ணத்தில் தீட்டும் நுட்பத்தைத் திருமதி பைசனிடம் கற்றுக்கொண்டார். இங்கே தாவரவியல் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓர் இலையை வரைய உட்கார்ந்தால்தான், நாம் அதுவரை அந்த இலையைப் பார்த்ததே இல்லை என்பது புரியும். விளிம்பில் எத்தனை பல், நரம்பு எந்த இடத்தில் கிளை பிரிகிறது, காம்பு எங்கே தடிக்கிறது என்று கை நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். கிருஷ்ணனின் பறவைக் கட்டுரைகளில் உள்ள துல்லியம் அந்தப் பயிற்சியில் வந்தது என்று நான் நம்புகிறேன். தன் கட்டுரைகளுக்கான கோட்டோவியங்களையும் அவரே வரைந்தார்.

முதுகலையும் சட்டமும் படித்த பிறகும் நிலையான வேலை அமையவில்லை. அச்சகத்தில், ஓவியப் பள்ளியில், வானொலியில் என்று சில ஆண்டுகள் போயின. 1937-இல் திருமணம். 1942-இல் பெல்லாரிக்குப் பக்கத்திலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலர் என்று அங்கே அவர் பார்க்காத பொறுப்பு இல்லை. மிச்ச நேரமெல்லாம் மலையும் காடும். ஆடு மேய்த்துப் பார்த்தார். தபால் கொண்டுபோகப் புறாக்களைப் பழக்கினார். 1949-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. அதன்பின் அவர் எந்த அலுவலகத்திலும் போய் உட்காரவில்லை. எழுத்தும் படமும்தான் பிழைப்பு என்று முடிவு செய்துவிட்டார்.

1950-இல் கல்கத்தாவிலிருந்து வந்த 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் அவருடைய இயற்கைப் பத்தி தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அது 46 ஆண்டுகள் ஓடியது. நாற்பத்தாறு ஆண்டுகள் என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இந்த அறையில் இருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயது அதில் பாதிகூட இராது. நாட்டில் போர்கள் வந்தன, பஞ்சம் வந்தது, ஆட்சிகள் மாறின. அந்தப் பத்தியில் அணில் வந்தது, ஓணான் வந்தது, பெருச்சாளி வந்தது, யானை வந்தது, காக்கை வந்தது. யானைக்குத் தந்த அதே கவனத்தை அவர் காக்கைக்கும் தந்தார். 1961-இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பின் பெயரைத் தமிழில் சொல்வதானால் 'காடும் கொல்லையும்'. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தத் தலைப்பில் அவருடைய முழுப் போக்கும் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூர் வீட்டு மதில்மேல் ஓடிய அணிலைப் பற்றி வங்காளத்து வாசகர்கள் இரண்டு வாரத்துக்கொரு முறை படித்தார்கள். தமிழ்நாட்டில் பலருக்கு அந்தப் பத்தி கண்ணிலேயே பட்டதில்லை. அவர் தமிழில் எழுதியவையும் பத்திரிகைகளில் சிதறிக் கிடந்தன. அவர் மறைந்த பிறகு சு. தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தேடித் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகக் கொண்டுவந்தார். கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய பறவைக் கட்டுரைகளையும் வேடந்தாங்கல் பற்றிய சிறுநூலையும் சேர்த்துப் பெருமாள்முருகன் 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்று பதிப்பித்தார். இந்த இரண்டு பதிப்பாசிரியர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். உங்கள் நூலகத்தில் இவ்விரண்டும் இல்லையென்றால், கல்லூரி முதல்வர் அவர்கள் இந்த ஆண்டே வாங்க வேண்டும் என்று மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.

அவருடைய புகைப்படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்ணப் படச்சுருள் எங்கும் பரவிய பிறகும் அவர் கருப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். ஒரு கம்பெனியின் உடல், வேறொன்றின் லென்ஸ், தானே செய்து சேர்த்த உறுப்புகள் என்று அவர் கைப்படப் பூட்டிய காமிரா அது. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். பழக்கிய யானையின் முதுகில் ஏறிக் காட்டுக்குள் போய்க் காட்டு யானைக் கூட்டங்களைப் படமெடுத்தார். காட்டு விலங்குகள் யானையைக் கண்டு மிரளுவதில்லை. மேலே மனிதன் இருந்தாலும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அசையும் முதுகில் உட்கார்ந்து, மங்கிய காட்டு வெளிச்சத்தில், கனத்த காமிராவை ஆடாமல் பிடிப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டும் என்று காமிரா பிடித்தவர்களுக்குத் தெரியும்.

1968-இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வுக்கொடை கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பாலூட்டி விலங்குகளை அவை வாழும் இடத்திலேயே பார்த்து எழுத அதைப் பயன்படுத்தினார். அந்த அறிக்கைகள் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் தொடராக வந்து, 1975-இல் நூலாயின. இந்திய வனவிலங்கு வாரியத்திலும் பல ஆண்டுகள் இருந்தார். சலீம் அலியை நாம் எல்லோரும் அறிவோம். 1941-இல் வந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல்தான் இந்நாட்டில் பறவை பார்ப்பவர்களுக்கு அரிச்சுவடி. சலீம் அலிக்குப் பின்னால் பம்பாய்க் கழகம் என்ற பெரிய நிறுவனம் இருந்தது. பறவைகளுக்கு வளையமிட்டு விடும் ஆட்கள் இருந்தார்கள், பாடம் செய்த பறவைகள் அடுக்கிய இழுப்பறைகள் இருந்தன. கிருஷ்ணனிடம் இருந்தது ஒரு மேசை, ஒரு காமிரா, தூரிகை, மைப்புட்டி. யாரும் நியமிக்காத வேலை, ஓய்வு வயது இல்லாத வேலை. அதை அவர் கடைசி நாள்வரை பார்த்தார்.

இனி வேடந்தாங்கலுக்கு வருகிறேன். இன்று நான் கொஞ்சம் நின்று பேச நினைத்த இடம் இதுதான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில், சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. தொண்டை மண்டலத்தில் சிற்றேரியைத் தாங்கல் என்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் வந்து கூடு கட்டும். நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, சாம்பல் நாரை, கரண்டிவாயன், கொக்கு வகைகள் என்று கிளைக்குக் கிளை கூடு. கீழே தண்ணீர் இருப்பதால் நரியும் பூனையும் மரத்தை அண்டாது. மழை பொய்த்த ஆண்டில் பறவை வராது, வந்தாலும் தங்காது.

பறவையின் எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது பயிருக்கு உரமாகிறது. தழைச்சத்து என்ற சொல்லைக் கேட்பதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். 18-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். அந்நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரியில் யாரும் பறவை சுடக்கூடாது என்று கவுல் (உறுதிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். 1858-இல் ஊரார் அதை மறுபடி புதுப்பித்து வாங்கினார்கள். வனத்துறை, சரணாலயம் என்ற பேச்செல்லாம் பிறகு வந்தவை. நாட்டுப்புறத்து உழவர்கள், தங்கள் வயலோடு சேர்த்துப் பறவையையும் காத்து வந்திருக்கிறார்கள்.

இந்த ஏரியைப் பற்றிக் கிருஷ்ணன் தமிழில் ஒரு சிறுநூல் எழுதினார். நாட்டின் புகழ்பெற்ற காடுகளையெல்லாம் பார்த்த ஒருவர், அரை மணி நேரத்தில் கரையைச் சுற்றி நடந்துவிடக்கூடிய ஒரு தாங்கலுக்குத் தனி நூல் எழுத வேண்டும் என்று நினைத்ததை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நூலைப் படித்துவிட்டு ஒரு டிசம்பரில் என் மாணவர்களோடு அங்கே போனேன். விடியும்முன்பே கரைக்கு வந்துவிட்டோம். முதலில் காதில் விழுந்தது ஒரு தட்டல் ஒலி. மூங்கில் துண்டுகளை ஒன்றோடொன்று மோதினாற்போல. நத்தைகுத்தி நாரைக்குக் கத்தும் குரல் கிடையாது. இணை கூட்டுக்குத் திரும்பும்போது அலகைத் தட்டித்தான் வரவேற்கும். வெளிச்சம் வந்ததும் தொலைநோக்கியில் அலகைப் பார்த்தோம். வாயை மூடியிருக்கும்போதும் மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. அதற்குள் வானம் தெரிந்தது. கூட்டிலிருந்த குஞ்சுகளின் அலகில் அந்த இடைவெளி இல்லை. வளர வளரத்தான் அது உண்டாகும்.

வெயில் ஏறியதும் நான் மறக்கவே முடியாத ஒன்றைப் பார்த்தேன். ஒரு தாய்ப்பறவை (தகப்பனாகவும் இருக்கலாம், இரண்டும் முறை வைத்துக் காவல் இருக்கும்) கூட்டின் விளிம்பில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, இரண்டு இறக்கையையும் பாதி விரித்து, குஞ்சுகளின்மேல் நிழல் விழும்படி பிடித்துக்கொண்டிருந்தது. வெயில் நகர நகர அதுவும் காலை மாற்றி வைத்துத் திரும்பிக்கொண்டே இருந்தது. நாங்கள் பார்த்தவரை ஒரு மணி நேரத்துக்கு மேல். என் மாணவி ஒருத்தி தொலைநோக்கியை இறக்கிவிட்டு, "அதுக்குக் கை வலிக்காதா மேடம்?" என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் இருக்கும் எந்தக் கேள்வியையும்விட எனக்கு அந்தக் கேள்வி உயர்ந்ததாகப் பட்டது.

திரும்பி வரும் வழியில் வயல் வரப்பில் வெற்று நத்தை ஓடுகள் கிடந்தன. ஒன்றுகூட நொறுங்கவில்லை. நாரை ஓட்டை உடைப்பதில்லை. அலகு நுனியை வாய்மூடியின் ஓரத்தில் நுழைத்து, தசையை அறுத்து, உள்ளே இருப்பதை உருவி எடுத்துவிடும். ஒரு மாணவன் நான்கைந்து ஓடுகளைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். அவற்றில் ஒன்று இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது.

கிருஷ்ணன் விடாமல் சொல்லிவந்த ஒரு கருத்து உண்டு. ஒரு நாட்டின் அடையாளம் மாறிக்கொண்டே இருக்கும் மனிதர் வழக்கங்களைவிட அதன் மண்ணிலும் மலையிலும் மரத்திலும் விலங்கிலும்தான் இருக்கிறது என்பது அவர் எண்ணம். ஆகவே வெளிநாட்டு அலங்கார மரங்களைச் சாலையோரம் நடுவதையும், மலைச் சோலைகளைத் திருத்தித் தைலமரம் வைப்பதையும் அவர் எதிர்த்தார். அவருடைய கண்டிப்பை அதிகம் என்று நினைத்தவர்கள் அன்றைக்கு இருந்திருக்கலாம். இன்றைக்கு நீலகிரிப் புல்வெளிகளில் சீகை மரமும், முதுமலையில் உண்ணிச்செடியும், நம் மாவட்டத்து ஏரிகளுக்குள் சீமைக் கருவேலமும் என்ன செய்திருக்கின்றன என்று பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றின்மேல் உரிமை கொண்டாட முதலில் அதன் பெயர் தெரிய வேண்டும். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பேன்: உங்கள் தெருவில் பார்த்த பத்துப் பறவைகளின் பெயரைத் தமிழில் எழுதுங்கள். காக்கை, குருவி, மைனா, கிளி, புறா, கொக்கு, பருந்து. ஏழாவதோடு பேனா நின்றுவிடும். அவர்களுடைய பாட்டிமார்களைக் கேட்டால் கரிச்சான், கொண்டலாத்தி, பனங்காடை, ஆட்காட்டி, தையல்சிட்டு, குக்குறுவான், தவிட்டுக்குருவி, உள்ளான், கானாங்கோழி என்று மூச்சுவிடாமல் வரும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால் அது ஆட்காட்டி. தவிட்டு நிறத்தால் தவிட்டுக்குருவி. பெயரிலேயே பார்வை இருக்கிறது. ஆடு மேய்த்தவர்களும் களை எடுத்தவர்களும் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் இவை. இந்தச் சொற்களை அறிவியல் கட்டுரைக்குள் கூச்சமில்லாமல் கொண்டுவந்து உட்காரவைத்தவர் கிருஷ்ணன். தமிழுக்காகப் பேசி உயிர்விட்ட தகப்பனுக்கு மகன் செய்த தொண்டு இது என்று நான் கருதுகிறேன். 'சங்ககாலத்துப் புலவனுக்குக் குருகு தெரியும், நமக்கு எக்ரெட் தெரியும்' என்ற நிலையில் நம் பிள்ளைகளை விட்டுவிட எனக்குச் சம்மதம் இல்லை.

1996 பிப்ரவரி 18 அன்று கிருஷ்ணன் காலமானார். வயது 83. அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவருடைய பத்தி வெளிவந்திருந்தது.

இன்னும் இரண்டு நிமிடம். இந்த அறக்கட்டளையின் சார்பாக ஒரு பொருளைக் கொண்டுவந்திருக்கிறேன். பெரிய பொருள் ஒன்றும் இல்லை. தடித்த அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு. இதை உங்கள் நூலகத்தின் வாசலில், வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி நூலகரிடம் பேசியிருக்கிறேன். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், அது என்ன செய்துகொண்டிருந்தது: இந்த ஐந்து கட்டங்கள் போட்டிருக்கிறது. தமிழ்ப் பெயர் தெரியாவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வந்து நிரப்புங்கள். இரண்டு ஊரில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். விலங்கியல் மாணவர்கள் மட்டும்தான் எழுத வேண்டும் என்று இல்லை. தோட்டக்காரர் ஐயாவும் காவலாளி அண்ணனும் உங்களைவிட அதிகம் பார்த்திருப்பார்கள். அவர்கள் சொன்னால் நீங்கள் எழுதிக்கொடுங்கள்.

இன்று காலை விருந்தினர் விடுதியில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ஒன்றைப் பார்த்தேன். அனுமதி கேட்காமலே முதல் வரியை நானே எழுதிவிட்டேன். காலை 6.20. விடுதியின் பின்புறம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வேலி. செம்போத்து, ஒன்று. வாயில் ஓர் ஓணானைக் கவ்விக்கொண்டு வேலிக்கு அடியில் நடந்து போனது. கூடு பக்கத்தில் எங்கோ இருக்க வேண்டும்.